காதில் சீழ் வடிகிறதா? முதலில் திரி, அப்புறம் மருந்து!

ஒரே தடவை போடும் கூழ் மருந்து: அமெரிக்க டாக்டர்கள் ஆராய்ச்சி

சேலம் அடிவாரத்தில் இருந்து ஏற்காடு பஸ் கிளம்பி நாலைந்து கொண்டை ஊசி வளைவு திரும்பியதும், பயணிகள் ஒவ்வொருவராகக் காதைத் தேய்க்க ஆரம்பிப்பார்கள்.

"காது அடைக்குதுப்பா" என்பார் ஒருவர். "எச்சிலை முழுங்குங்க, சரியாப் போயிடும்" என்பார் பக்கத்து சீட்காரர். முழுங்கியதும் "டொப்" என்று காது திறந்து கொள்ளும்.

ஏன் அடைக்கிறது?

சேலம் நகரம் கடல் மட்டத்தில் இருந்து சுமார் 900 அடி உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு சுமார் 5,000 அடி. நடுவில் 20 கொண்டை ஊசி வளைவுகள். மேலே போகப் போக காற்றழுத்தம் குறையும்.

காது ஜவ்வுக்குப் பின்னால் ஒரு சின்ன அறை உண்டு. அதுதான் நடுக்காது. மூக்கின் பின்புறத்தில் இருந்து அங்கே ஒரு மெல்லிய குழாய் போகிறது. எச்சில் முழுங்கும்போது குழாய் திறந்து, உள்ளே அடைபட்ட காற்றை வெளியேற்றுகிறது.

சின்னக் குழந்தைகளுக்கு இந்தக் குழாய் குட்டை. படுக்கை வாட்டமாகவும் இருக்கும். சளி பிடித்தால் கிருமி சுலபமாக ஏறி விடும். நடுக்காதில் சீழ் கட்டும். குழந்தை ராத்திரி முழுவதும் காதைப் பிடித்துக்கொண்டு அழும். சில சமயம் சீழ் முட்டி ஜவ்வு கிழியும்.

பெரும்பாலும் அந்தக் கிழிசல் தானாக ஆறி விடும். ஆறாமல் ஓட்டையாகவே நின்று, 2 வாரத்துக்கு மேல் சீழ் வடிந்தால்தான் ஆபத்து. காது மந்தமாகும். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் சொல்வது கேட்காது. "பையன் மக்கு" என்ற பெயர் வந்து விடும்.

உலக சுகாதார நிறுவனம் 2004-ல் வெளியிட்ட அறிக்கையின்படி, உலகத்தில் 6½ கோடி முதல் 33 கோடி பேர் வரை காதில் சீழ் வடிந்து அவதிப்படுகிறார்கள். அவர்களில் 100-க்கு 60 பேருக்குக் கேட்கும் சக்தியும் குறைந்து இருக்கிறது.

சுற்றி வரும் மாத்திரை

மருந்து இல்லாமல் இல்லை. அது போய்ச் சேரும் வழிதான் தகராறு.

மாத்திரையோ டானிக்கோ கொடுத்தால், அது வயிற்றில் இறங்கி, ரத்தத்தில் கலந்து, உடம்பு பூராவும் சுற்றி விட்டுத்தான் காதுக்கு வர வேண்டும். இதனால் சில குழந்தைகளுக்கு வயிற்றுப் போக்கு உண்டாகிறது. கசப்பு மருந்தைத் துப்பி விடும் குழந்தைகளும் உண்டு.

சரி, காதிலேயே சொட்டு விட்டால் என்ன? ஜவ்வு முழுசாக இருந்தால் அது உள்ளே விடாது. அதன் கனம் ஒரு மில்லி மீட்டரில் பத்தில் ஒரு பங்குதான். ஆனாலும் வெளிப்பக்கம் தோல் மூடி இருப்பதால் மருந்து கடக்க முடிவதில்லை.

ஆரஞ்சுத் தோல் சத்து

இந்தத் தடையைத் தாண்ட அமெரிக்காவில் பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனை டாக்டர் டேனியல் கோஹேன் குழுவினர் ஒரு 'ஜெல்' தயாரித்தார்கள். காதில் விடும்போது தண்ணீர் போல ஓடும். உடம்புச் சூடு பட்டதும் கூழாகி ஜவ்வில் ஒட்டிக் கொள்ளும். அதில் இருந்து சிப்ரோபிளாக்சசின் மருந்து கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறங்கும்.

ஜவ்வில் வழி விடுவதற்காக மூன்று சரக்குகள் சேர்த்தார்கள். அதில் ஒன்று லிமோனீன். ஏற்காடு ஆரஞ்சை உரித்தால் கையில் மணக்குமே, அந்தத் தோல் எண்ணெயில் உள்ள பொருள்தான் அது!

சின்சில்லா என்ற, அணில் போன்ற பிராணிக்கு இதைப் போட்டுப் பார்த்தார்கள். முடிவு 2016-ல் வெளியானது. ஒரே ஒரு தடவை ஜெல் போட்ட 10 பிராணிகளுக்கும் 7 நாளில் கிருமி ஒழிந்தது. வெறும் சொட்டு மருந்து விட்ட 8-ல் 5 மட்டுமே குணமாயின. ஆனால் இது பிராணியிடம் நடந்த சோதனை. மனிதக் குழந்தைக்கும் இதே பலன் என்று இப்போதே சொல்லி விட முடியாது.

இதேபோல் சூட்டில் கூழாகும் 'ஓட்டிப்ரியோ' என்ற மருந்துக்கு 2015 டிசம்பரில் அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது. காதில் சின்னக் குழாய் பொருத்தும் ஆபரேஷனின்போது, டாக்டரே ஒரு தடவை போடும் மருந்து அது.

காகிதத் திரி போதும்

ஜவ்வில் ஓட்டை விழுந்து சீழ் வடியும் காதுக்கு இந்த ஜெல் வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. அந்த ஓட்டையே மருந்துக்கு வாசல். ஆனால் வாசலைச் சீழ் அடைத்துக் கிடந்தால் சொட்டு மருந்து மேலேயே நின்று விடும். மருந்து விட்டும் குணமாகாததற்கு முக்கியக் காரணம் இதுதான்.

இதற்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் முறை, திரி போடுவது. சுத்தமான பருத்தித் துணியையோ, மெல்லிய உறிஞ்சு காகிதத்தையோ விளக்குத் திரி போல உருட்ட வேண்டும். காதில் மெதுவாக வைத்து, ஈரமானதும் எடுத்து எறிய வேண்டும். திரி காய்ந்து வரும் வரை புதுத் திரி மாற்ற வேண்டும். அதற்குப் பிறகுதான் டாக்டர் எழுதிக் கொடுத்த சொட்டு மருந்து. தினமும் 3 வேளை, 2 வாரம்.

குழந்தையை ஒருக்களித்துப் படுக்க வைத்து மருந்து விட்டு, காது வாசலில் இருக்கும் சின்ன மேட்டை நாலைந்து தடவை அமுக்கினால் மருந்து உள்ளே இறங்கும். திரியைக் காதிலேயே விட்டு விடக் கூடாது.

செய்யக் கூடாதவை

"ரெண்டு சொட்டு எண்ணெய் காய்ச்சி ஊத்தினா வலி போயிடும்" என்று பாட்டிமார் சொல்வார்கள். ஊற்றாதீர்கள். தீக்குச்சி, கொண்டை ஊசி, பட்ஸ் எதுவும் வேண்டாம். குளிக்கும்போது தண்ணீர் போகாமல் வாஸ்லின் தடவிய பஞ்சு வைத்து, குளித்ததும் எடுத்து விட வேண்டும்.

பக்கத்து வீட்டுச் சொட்டு மருந்தை வாங்கி விடுவதும் தப்பு. ஜென்டாமைசின், நியோமைசின் கலந்தவை ஓட்டை வழியே உள்காதுக்குப் போனால் கேட்கும் சக்தியே கெட்டுப் போகும் அபாயம் உண்டு.

சீழோடு காதுக்குப் பின்னால் வீக்கம், காய்ச்சல், கடும் தலைவலி, தலைச்சுற்றல், வாய் ஒரு பக்கம் கோணுதல் இவற்றில் எது வந்தாலும் அது மூளைக்குப் பரவும் ஆபத்தின் அறிகுறியாக இருக்கலாம். அப்போது திரியும் வேண்டாம், சொட்டும் வேண்டாம். மலையில் இருப்பவர்கள் ஏற்காடு அரசு ஆஸ்பத்திரிக்கோ, சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் ஆஸ்பத்திரிக்கோ உடனே கிளம்ப வேண்டும். விடியட்டும், பஸ் வரட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிட வேண்டும்.