வேறு துறையில் முனைவர் பட்டம்: முடிவெடுக்கும் முன் சில விஷயங்கள்



ஒரு தலைமுறைக்கு முன் சிங்காரப்பேட்டை, ஊத்தங்கரைப் பக்கம் பிள்ளை ஒரு டிகிரி முடித்தாலே வீட்டில் பெருமகிழ்ச்சி. இன்று முதுகலை முடித்து ஓசூர் கம்பெனிகளில் வேலை பார்க்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களில் சிலருக்கு முனைவர் பட்டம் பெறும் ஆசை. அதுவும் படித்த துறையில் அல்ல, வேறு துறையில். கணிதம் படித்தவர் பொருளாதாரத்தில், வணிகவியல் படித்தவர் வரலாற்றில். ஆலிம் பட்டத்துடன் எம்.ஏ.வும் முடித்தவர்களுக்கும் இதே எண்ணம் வருகிறது. "ஹஜ்ரத், இது சரிப்படுமா?" என்று பெற்றோர் நம்மிடம் கேட்கிறார்கள்.

மார்க்கம் இதற்குத் தடை சொல்லவில்லை. வஹியை எழுதும் பணியில் இருந்த ஜைத் பின் ஸாபித் (ரலி) அவர்களை, யூதர்களின் எழுத்தைக் கற்றுக்கொள்ளும்படி நபி (ஸல்) அவர்கள் ஏவினார்கள். கடிதப் போக்குவரத்துக்கு அது தேவைப்பட்டது. அரை மாதத்திற்குள் அவர் கற்றுத் தேர்ந்ததாகத் திர்மிதீ, அபூதாவூத் ஆகிய நூல்களில் காண்கிறோம். புதிய கல்வியால் அவர் குர்ஆனை விட்டு விலகவில்லை. பின்னர் அபூபக்ர் (ரலி) அவர்களின் ஆட்சியில் குர்ஆனைத் திரட்டும் பொறுப்பும் அவரிடமே வந்தது. ஒரு தேவைக்காகக் கற்றார். முன்பு கற்றதையும் காத்துக்கொண்டார். நமக்கு இதில் நல்ல அளவுகோல் இருக்கிறது.

அறிவு தேவையா, பட்டம் தேவையா?

முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். சிதம்பரத்தில் 1952இல் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் 1976இல் அமெரிக்காவின் ஓஹையோ பல்கலைக்கழகத்தில் இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்றார். ஆனால் மனம் உயிரியலில் இருந்தது. சாண்டியாகோவிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் மீண்டும் மாணவராகச் சேர்ந்து இரண்டு ஆண்டுகள் உயிரியல் படித்தார். இரண்டாவது முனைவர் பட்டத்தை அவர் முடிக்கவில்லை. தேவையான அடிப்படை கிடைத்ததும் யேல் பல்கலைக்கழகத்திற்கு ஆராய்ச்சிப் பணிக்குச் சென்றுவிட்டார். செல்லுக்குள் புரதம் தயாராகும் இடமான ரைபோசோமின் அமைப்பைக் கண்டறிந்ததற்காக 2009இல் வேதியியல் நோபல் பரிசை மற்ற இருவருடன் பகிர்ந்துகொண்டார். அவர் துறை மாறியது உண்மை. ஆனால் அதற்கு இன்னொரு பட்டம் அவருக்குத் தேவைப்படவில்லை.

மௌலானா முஹம்மது முஸ்தஃபா அல்அஃளமீ அவர்களின் வழி வேறு. 1952இல் தேவ்பந்தில் ஆலிம் கல்வி முடித்து, அல்அஸ்ஹரில் முதுகலை பெற்று, 1966இல் கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் பெற்றார். ஆய்வுப் பொருள் ஹதீஸின் ஆரம்பகால வரலாறு. பொருள் பழையது, ஆய்வு முறையும் மொழியும் புதியவை. ஹதீஸ் குறித்து மேற்கத்திய அறிஞர்கள் எழுப்பிய ஐயங்களுக்கு அவர்களது முறையிலேயே பதில் சொல்ல அந்தப் பட்டம் உதவியது. 1980இல் மன்னர் ஃபைஸல் விருதும் கிடைத்தது. ஆலிம்கள் சிந்திக்க வேண்டிய உதாரணம் இது.

விதிகள் என்ன சொல்கின்றன?

யு.ஜி.சி.யின் 2022ஆம் ஆண்டு விதிகளின்படி, முனைவர் பட்டத்தில் சேர முதுகலையில் பொதுவாக 55 விழுக்காடு வேண்டும். கிரீமி லேயரில் வராத ஓ.பி.சி. உள்ளிட்ட பிரிவினருக்கு 5 விழுக்காடு சலுகை உண்டு. குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 6 ஆண்டு. மறுபதிவு செய்தால் மேலும் 2 ஆண்டு. பெண்களுக்கு அதற்கு மேலும் 2 ஆண்டு சலுகையும், 240 நாள் வரை மகப்பேறு அல்லது குழந்தைப் பராமரிப்பு விடுப்பும் உண்டு. வேலையில் இருப்பவர் பகுதி நேரமாகப் படிக்கலாம். நிறுவனத்தின் தடையில்லாச் சான்று வேண்டும். "ஆன்லைனிலேயே பி.எச்டி." என்று வரும் விளம்பரங்களை நம்பிப் பணம் கட்டாதீர்கள். யு.ஜி.சி. அதை ஏற்பதில்லை.

எந்த முதுகலைப் பாடத்தை எந்தத் துறைக்கு ஏற்பது என்பதைப் பல்கலைக்கழகத்தின் சேர்க்கை அறிவிப்பில் பார்க்க வேண்டும். நம் மாவட்டத்தினர் சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தின் அறிவிப்பிலிருந்து தொடங்கலாம். கல்லூரி ஆசிரியர் வேலையே நோக்கம் என்றால் இன்னொன்றையும் கவனியுங்கள். 2018ஆம் ஆண்டு விதிகள் உதவிப் பேராசிரியர் பணிக்கு அந்தப் பாடத்திலோ தொடர்புடைய பாடத்திலோ முதுகலை கேட்கின்றன. புதிய துறையில் முனைவர் பட்டம் இருந்து, முதுகலை வேறாக இருந்தால் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடலாம்.

எனவே நாம் சொல்லும் யோசனை: முதலில் புதிய துறையில் ஒரு முதுகலை படியுங்கள். வேலையை விடாமல் தொலைநிலைக் கல்வியிலும் அதைப் படிக்கலாம். இரண்டு ஆண்டில் ஆசை உண்மையா, மோகமா என்பது தெரிந்துவிடும். பிறகு அதே பாடத்தில் நெட் தேர்வு எழுதலாம். ஜே.ஆர்.எஃப். கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை உண்டு. அதற்கு வயது வரம்பு 30; பெண்களுக்கும் ஓ.பி.சி. பிரிவினருக்கும் 5 ஆண்டு தளர்வு உண்டு. சிறுபான்மையினருக்கான மௌலானா ஆசாத் ஆய்வு உதவித்தொகை 2022-23 முதல் நிறுத்தப்பட்டுவிட்டதால், அதை நம்பித் திட்டம் போட முடியாது.

குடும்பத்தின் ஹக்

மனைவி மக்களின் செலவைக் கொடுப்பது கணவன் மீது கடமை. ஆராய்ச்சிப் படிப்பு அந்தக் கடமையை நீக்காது. வருமானம் குறையும் ஆண்டுகளுக்கு என்ன வழி என்பதை வீட்டில் உட்கார்ந்து பேசி, எழுதிக் கணக்குப் பாருங்கள். வட்டிக்குக் கடன் வாங்கிப் படிக்கும் நிலை வருமானால் தள்ளிப் போடுவதே நல்லது. மகள் படிக்க விரும்பினால் நிக்காஹ் பேசும்போதே மாப்பிள்ளை வீட்டாரிடம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். பின்னர் வரும் மனக்கசப்புகள் பலவும் முன்பே பேசாததால் வருபவை.

அந்தத் துறையில் ஆய்வு செய்தவர்கள் இருவர் மூவரிடம் மஷூரா செய்யுங்கள். வழிகாட்டிப் பேராசிரியர் யார், அவரிடம் இடம் இருக்கிறதா என்று விசாரியுங்கள். பிறகு இஸ்திகாரா தொழுங்கள். இஸ்திகாரா என்பது கனவில் பதில் காண்பதற்காக அல்ல. விசாரித்து, ஆலோசித்து, மனம் ஒரு பக்கம் சாய்ந்த பின் அந்தக் காரியத்தை அல்லாஹ்விடம் ஒப்படைப்பது. அதன் பிறகு கதவு திறந்தாலும் நன்மை, அடைத்தாலும் நன்மை.

பெயருக்கு முன்னால் "முனைவர்" என்று போடுவதற்காக மட்டும் ஆறு ஆண்டுகளைக் கொடுக்க வேண்டாம். பதில் தேட வேண்டிய ஒரு கேள்வி உங்களைத் தூங்கவிடாமல் செய்கிறது, வீட்டாரும் சம்மதிக்கிறார்கள் என்றால் தயங்கவும் வேண்டாம்.

நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் பயனளிக்கும் கல்வியை அல்லாஹ் தந்தருள்வானாக! ஆமீன்.