எம்.எச்.370: ஒரு விமானம், ஓராயிரம் கதைகள்

2014 மார்ச் இரண்டாம் வாரம். கோலாலம்பூர் சர்வதேச விமான நிலையத்துக்கு ஒரு மந்திரவாதி வந்தார். கையில் தேங்காய்கள், மூங்கிலில் செய்த ஒரு ‘பைனாகுலர்’. ‘ராஜ போமோ’ என்று தன்னை அழைத்துக்கொண்ட அவர், டி.வி. கேமராக்களுக்கு முன்னால் மந்திரம் ஓதி, மூங்கில் குழாயில் கண்ணை வைத்து, காணாமல் போன விமானத்தைத் தேடினார். நாட்டின் மானமே கப்பலேறிவிட்டது என்று மலேசியர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள்.

அதே மாதம் அமெரிக்காவின் சி.என்.என். சேனலில், ‘விமானத்தைக் கருந்துளை ஏதாவது விழுங்கியிருக்குமோ?’ என்ற கேள்வி நிபுணர்கள் முன்பு வைக்கப்பட்டது. மூங்கில் குழாயைப் பார்த்துச் சிரித்த உலகம், கோட்டும் சூட்டும் போட்டு நடந்த இந்த விவாதத்தை மட்டும் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு பார்த்தது.

எம்.எச்.370 மறைந்து பத்தாண்டுகளுக்கு மேலாகிவிட்டது. விமானத்தின் உடல் கிடைக்கவில்லை, கதைகளும் குறைந்தபாடில்லை. இவையெல்லாம் வேலையற்றவர்களின் கற்பனை என்று ஒதுக்கிவிடுவது சுலபம். ஆனால் முதல் தவறான தகவல் யாரிடமிருந்து கிளம்பியது என்று தேடிப் போனால், அது டீக்கடையில் போய் நிற்கவில்லை.

கம்போடியாவில் பறந்த விமானம்

மார்ச் 8, அதிகாலை 12.42. மலேசியா ஏர்லைன்ஸின் போயிங் 777 விமானம் பெய்ஜிங்கை நோக்கிக் கிளம்பியது. 227 பயணிகள், 12 ஊழியர்கள், மொத்தம் 239 பேர். பயணிகளில் பெரும்பாலோர் சீனர்கள். இந்தியர்கள் ஐந்து பேர். சென்னையில் வசித்த ஒருவரும் அவர்களில் உண்டு.

1.19 மணிக்கு விமானி அறையிலிருந்து கடைசிக் குரல்: ‘குட்நைட், மலேசியன் த்ரீ செவன் ஸீரோ.’ மலேசிய வான்வெளி முடிந்து வியட்நாம் வான்வெளி தொடங்கும் இடம் அது. இரண்டு நிமிடங்களில் ட்ரான்ஸ்பாண்டர் அடங்கியது. விமானத்தின் அடையாளத்தையும் உயரத்தையும் தரைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும் கருவி அது. சிவிலியன் ரேடார் திரையிலிருந்து விமானம் மறைந்தது.

‘விமானம் எங்கே?’ என்று ஹோ சி மின் நகரக் கட்டுப்பாட்டு அறை கேட்கவே கால் மணி நேரத்துக்கு மேலானது. கோலாலம்பூர் கட்டுப்பாட்டு அறை விமான நிறுவனத்தை விசாரித்தது. ‘கம்போடிய வான்வெளியில் பறக்கிறது’ என்று பதில் வந்தது. உண்மையில் அங்கே விமானம் இல்லை. இந்நேரம் விமானம் எங்கே இருக்க வேண்டும் என்று கம்ப்யூட்டர் கணித்துக் காட்டிய புள்ளியை, விமானமே என்று நம்பிச் சொல்லிவிட்டார்கள். தேடுதலுக்கான அபாய அறிவிப்பு வெளியானபோது மணி அதிகாலை ஐந்தரை. எம்.எச்.370 பற்றிய முதல் ஊகம் அதிகாரிகளுடையதுதான்.

அதோடு நிற்கவில்லை. தொடர்பு அறுந்த நேரம் 2.40 என்றார்கள், பிறகு அதைத் திருத்தினார்கள். விமானியின் கடைசி வார்த்தை ‘ஆல் ரைட், குட்நைட்’ என்றார்கள். மூன்று வாரம் கழித்து அதையும் மாற்றினார்கள். விமானம் யூ-டர்ன் அடித்து, மலேசியத் தீபகற்பத்தைக் குறுக்கே கடந்து, பினாங்கு வழியாக மலாக்கா நீரிணைக்கு மேலே போனதை ராணுவ ரேடார் பதிவு செய்திருந்தது. ஆனால் பல நாட்டுக் கப்பல்கள் ஒரு வாரம் தென் சீனக் கடலைச் சலித்துக்கொண்டிருந்தன. வியட்நாம் அருகே எண்ணெய்ப் படலம் தெரிந்தது, அது விமான எண்ணெய் அல்ல. சீனச் செயற்கைக்கோள் படத்தில் மிதக்கும் பொருள் தெரிந்தது, அது விமானம் அல்ல. ஒவ்வொரு ‘அல்ல’வுக்கும் இடையில் விழுந்த இடைவெளியில் கதைகள் புகுந்தன.

கதைகளின் அணிவகுப்பு

திருட்டுப் பாஸ்போர்ட்டில் இரண்டு பேர் பயணம் செய்திருக்கிறார்கள் என்று தெரிந்ததும் ‘தீவிரவாதிகள்’ என்று தலைப்புகள் அலறின. விசாரித்தால், ஐரோப்பாவில் அடைக்கலம் தேடிப் போன ஈரானிய இளைஞர்கள். தீவிரவாதத் தொடர்பு தெரியவில்லை என்று இன்டர்போல் சொன்னபோது, அந்தக் கதை உலகத்தை ஒரு சுற்று சுற்றி வந்துவிட்டது.

இந்தியப் பெருங்கடலின் டீகோ கார்சியா தீவில் அமெரிக்க ராணுவத் தளம் இருக்கிறது. விமானத்தை அங்கே இறக்கிவிட்டார்கள் என்பது இன்றும் உயிரோடிருக்கும் கதை. மாலத்தீவின் ஒரு தீவில் தாழப் பறந்த விமானத்தைப் பார்த்ததாக மக்கள் சொன்னது அதற்கு எண்ணெய் ஊற்றியது. அமெரிக்கா மறுத்தது. மறுப்பையே சாட்சியாக எடுத்துக்கொள்வதுதானே இந்தக் கதைகளின் சாமர்த்தியம்!

ஃப்ரீஸ்கேல் என்ற சிப் நிறுவனத்தின் ஊழியர்கள் 20 பேர் விமானத்தில் இருந்தது உண்மை. ஒரு ரகசியக் காப்புரிமைக்காக அவர்களைத் தீர்த்துக்கட்டினார்கள் என்பது கதை. காப்புரிமைதாரர்கள் என்று சொல்லப்பட்ட பெயர்கள் பயணிகள் பட்டியலிலேயே இல்லை.

அடுத்து மங்குஸ்தான். சரக்கு அறையில் சுமார் நாலரை டன் மங்குஸ்தான் பழமும், 221 கிலோ லித்தியம் பேட்டரியும் இருந்தன. ‘மார்ச்சில் ஏது மங்குஸ்தான் சீசன்? உள்ளே வேறு என்னவோ இருந்திருக்கிறது’ என்று கிளம்பியது பேச்சு. விசாரணைக் குழு இதைத் தள்ளிவிடவில்லை. ஜொகூரின் மூவாரிலும் சுமத்ராவிலும் பறித்த பழங்கள் என்று கண்டறிந்தார்கள். பழச்சாறு பேட்டரியில் பட்டால் தீப்பிடிக்குமா என்று சோதனைக்கூடத்தில் வைத்தே பார்த்தார்கள். வாய்ப்பு மிகக் குறைவு என்று தெரிந்தது. ஒரு வதந்தியை எப்படிக் கையாள வேண்டும் என்பதற்கு இது நல்ல பாடம்: கேலி செய்யாதே, சோதித்துப் பார், முடிவைச் சொல்.

பெரிய இடத்து வாய்களும் சும்மா இருக்கவில்லை. மலேசியாவின் முன்னாள் பிரதமர் மகாதீர் முகமது, 2014 மே மாதம், அமெரிக்க உளவுத்துறைக்கும் போயிங்குக்கும் ஏதோ தெரியும் என்ற தொனியில் எழுதினார். ஜூலை 17 அன்று அதே நிறுவனத்தின் இன்னொரு போயிங் 777, எம்.எச்.17, உக்ரைன் வானில் சுட்டு வீழ்த்தப்பட்டு 298 பேர் இறந்தார்கள். ‘அது எம்.எச்.17 இல்லை, ஒளித்து வைத்திருந்த எம்.எச்.370-தான்’ என்று ஒரு கூட்டம் கிளம்பியது. துக்கம் காய்வதற்குள் அடுத்த கதை தயார்.

சந்தேகம் எப்போது அறிவாகிறது?

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். ஆனால் ஊர் வாயெல்லாம் ஒன்றல்ல. இந்த விமானத்தைப் பற்றி ஊகித்தவர்களில் உருப்படியாக உழைத்தவர்களும் இருக்கிறார்கள்.

விமானம் பேசுவதை நிறுத்திய பிறகும், அதிலிருந்த ஒரு செயற்கைக்கோள் கருவி இன்மார்சாட் நிறுவனத்தின் செயற்கைக்கோளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. ‘இருக்கிறாயா?’ ‘இருக்கிறேன்’ என்ற அளவுதான் அந்த உரையாடல். கடைசிப் பதில் காலை 8.19-க்கு. சிக்னல் போய்வர எடுத்த நேரத்தை வைத்து, விமானம் செயற்கைக்கோளிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருந்தது என்று கணக்கிட்டார்கள். கிடைத்தது ஒரு புள்ளியல்ல, பூமிப் பரப்பில் ஒரு நீண்ட வளைவு. நம்மை நோக்கி வரும் ரயிலின் ஹாரன் சத்தமும் விலகிப் போகும் ரயிலின் சத்தமும் வேறுபடுவதுபோல, சிக்னலின் அலைவரிசையில் தெரிந்த மாற்றம் திசையைச் சொன்னது: தெற்கு. மார்ச் 24 அன்று, விமானம் தென் இந்தியப் பெருங்கடலில் முடிந்தது என்று அன்றைய மலேசியப் பிரதமர் நஜிப் ரசாக் அறிவித்தார்.

‘கணக்கைக் காட்டுங்கள்’ என்று குடும்பத்தினரும் ஆர்வலர்களும் கேட்டார்கள். மே மாதக் கடைசியில் தரவுகள் வெளியாயின. பொறியாளர்களும் கணித வல்லுநர்களும் ‘இன்டிபென்டன்ட் குரூப்’ என்ற பெயரில் சம்பளமில்லாமல் கணக்குப் போட்டார்கள். தேடுதலை நடத்திய ஆஸ்திரேலியப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பும் அவர்கள் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டது.

இலங்கையில் பிறந்து மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றும் கடலியல் பேராசிரியர் சரித பட்டியாராச்சி, நீரோட்டங்களைக் கணக்கிட்டு, உடைந்த பாகங்கள் ஆப்பிரிக்கப் பக்கம்தான் ஒதுங்கும் என்றார். 2015 ஜூலை 29 அன்று, ரீயூனியன் தீவின் கடற்கரையைத் துப்புரவு செய்துகொண்டிருந்த தொழிலாளர்கள் கண்ணில், பார்னக்கிள் என்ற கடல் உயிரினங்கள் ஒட்டிய ஒரு இறக்கைத் துண்டு பட்டது. உள்ளே இருந்த எண்களை வைத்து, அது எம்.எச்.370-இன் ‘ஃபிளாப்பரான்’ என்ற இறக்கைப் பாகம்தான் என்று பிரெஞ்சு அதிகாரிகள் உறுதி செய்தார்கள். பிளெய்ன் கிப்சன் என்ற அமெரிக்க வழக்கறிஞர் பட்டியாராச்சியிடம் யோசனை கேட்டுக்கொண்டு, கரை கரையாக நடந்து, 2016-இல் மொசாம்பிக்கில் ஒரு பாகத்தைக் கண்டெடுத்தார். தான்சானியா, மொரீஷியஸ் கரைகளிலும் பாகங்கள் ஒதுங்கின. உடனே ‘கிப்சனே கொண்டுபோய்ப் போட்டுவிட்டு எடுக்கிறார்’ என்று ஒரு கதை!

இரண்டு வகைப் பேச்சுக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான். பட்டியாராச்சியின் கணிப்பு தோற்க வாய்ப்பிருந்தது: ஆப்பிரிக்கக் கரையில் ஒன்றும் ஒதுங்காவிட்டால் அவர் சொன்னது தவறு என்றாகியிருக்கும். டீகோ கார்சியா கதை தோற்கவே தோற்காது. இறக்கை கிடைத்தால் ‘போட்டுவிட்டார்கள்’, கிடைக்காவிட்டால் ‘ஒளித்துவிட்டார்கள்’. எது நடந்தாலும் ஜெயிக்கிற கதையை நம்புவதற்கு ஒன்றுமே இல்லை.

கேப்டன் மீது விழுந்த நிழல்

அடித்து நொறுக்க முடியாத ஊகமும் ஒன்று உண்டு. கேப்டன் ஜஹாரி அகமது ஷா, 53 வயது, 18,000 மணி நேரத்துக்கு மேல் பறந்தவர். அவர் வீட்டில் இருந்த ஃப்ளைட் சிமுலேட்டரில், தென் இந்தியப் பெருங்கடலை நோக்கிப் போகும் ஒரு பாதையின் புள்ளிகள் மீட்கப்பட்டன. விமானம் திரும்பியது ஆட்டோபைலட்டால் அல்ல, மனிதக் கையால் இயக்கப்பட்டிருக்கவே வாய்ப்பு அதிகம் என்கிறது 2018 ஜூலையில் வெளியான மலேசிய விசாரணை அறிக்கை. அதே அறிக்கை, கேப்டனிடமோ துணை விமானியிடமோ மன அழுத்தத்துக்கோ பணக் கஷ்டத்துக்கோ அறிகுறி காணப்படவில்லை என்கிறது. மூன்றாம் நபரின் தலையீட்டை மறுக்க முடியாது, மறைவுக்கான காரணத்தைத் தீர்மானிக்க முடியவில்லை என்றும் முடிகிறது.

ஆக, சந்தேகத்துக்கு இடமிருக்கிறது, தீர்ப்புக்கு இடமில்லை. இறந்துபோன ஒருவர் எழுந்து வந்து பதில் சொல்ல முடியாது என்ற துணிச்சலில் அவரைக் கொலைகாரர் என்று முத்திரை குத்தியவர்கள், அந்த வீட்டில் இன்னும் மனைவி மக்கள் இருக்கிறார்கள் என்பதை நினைக்கவில்லை.

அடித்துக்கொண்டே இருந்த போன்

கதைகளுக்கு விலை கொடுத்தவர்கள் குடும்பத்தினர்தான். விமானம் மறைந்த சில நாட்களில், தங்கள் உறவினரின் செல்போனுக்கு அடித்தால் ரிங் போகிறது என்று பெய்ஜிங்கில் பலர் கதறினார்கள். நாம் காதில் கேட்கும் ரிங் எதிர்முனையில் மணி அடிப்பதற்கு அத்தாட்சியல்ல. போனைத் தேடும்போதே நெட்வொர்க் அந்த ஒலியைத் தந்துவிடலாம். இதை யாராவது பொறுமையாக உட்கார்ந்து சொல்லியிருந்தால் போதும். ஆனால் ‘ரிங் போகிறது’ என்பது தலைப்புச் செய்தியானது. மகன் எங்கோ உயிரோடிருக்கிறான் என்று ஒரு தாய் நம்ப அது போதாதா?

இது நமக்கும் புதிதல்ல. 2016 ஜூலை 22 அன்று தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குக் கிளம்பிய விமானப்படையின் ஏ.என்-32 விமானம் 29 பேருடன் வங்கக் கடலுக்கு மேலே மறைந்தது. காணாமல் போனவரின் போன் அடிக்கிறது என்ற செய்தி அப்போதும் வந்தது. 2024 ஜனவரியில் விடை கிடைத்தது. சென்னையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆளில்லா நீர்மூழ்கிக் கருவி, கரையிலிருந்து சுமார் 310 கிலோமீட்டர் தொலைவில், 3,400 மீட்டர் ஆழத்தில் சிதைவுகளைப் படமெடுத்திருந்தது. ஏழரை ஆண்டுகள் கதை சொல்லிய இடத்தில் கடைசியில் இருந்தது உடைந்த உலோகம்.

2009-இல் அட்லாண்டிக்கில் விழுந்த ஏர் பிரான்ஸ் 447 விமானத்துக்கும் இப்படித்தான் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து, 3,900 மீட்டர் ஆழத்திலிருந்து கறுப்புப் பெட்டி வெளியே வந்தது. வேகத்தை அளக்கும் குழாய்கள் உறைந்ததும், விமானிகள் குழம்பியதும் தெரிந்தன. கதைகள் அன்றோடு அடங்கின. உண்மையைத் தவிர வேறெதுவும் வதந்தியை நிறுத்தியதில்லை.

இனி என்ன?

எம்.எச்.370-க்காக 1,20,000 சதுர கிலோமீட்டர் கடலடி தேடப்பட்டு, 2017 ஜனவரியில் கைவிடப்பட்டது. 2018-இல் ஓஷன் இன்ஃபினிட்டி நிறுவனம் ஒரு லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேல் தேடியும் பலனில்லை. ஆனால் இந்த மறைவு உலக விமானத் துறையை மாற்றியிருக்கிறது. நீண்ட கடல் பயணங்களில் 15 நிமிடத்துக்கு ஒருமுறை விமானத்தின் இடம் தெரிய வேண்டும் என்ற விதி 2018-இல் நடைமுறைக்கு வந்தது. கறுப்புப் பெட்டியின் நீரடி ஒலிக்கருவி 30 நாட்களுக்குப் பதில் 90 நாட்கள் இயங்க வேண்டும் என்றும் ஆனது. இந்த இரண்டையும் சாதித்தது சதிக்கதைகள் அல்ல. ‘எப்படி ஒரு விமானம் தொலையும்?’ என்ற நேரான கேள்வி.

அடுத்த முறை ஒரு விமானம் மறையும்போது அரசுகள் செய்ய வேண்டியது ஒன்றுதான்: தெரிந்ததைத் தெரிந்த உடனே சொல்லுங்கள், தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். நாம் செய்ய வேண்டியதும் ஒன்றுண்டு; அதற்கு மலேசியா போட்ட ஒரு நிபந்தனையே வழி காட்டுகிறது. 2025 மார்ச்சில் மலேசிய அரசு, புதிதாக 15,000 சதுர கிலோமீட்டரில் தேட, ஓஷன் இன்ஃபினிட்டியோடு மீண்டும் ஒப்பந்தம் செய்ய ஒப்புதல் அளித்தது. விமானம் கிடைத்தால் 7 கோடி டாலர்; கிடைக்காவிட்டால் ஒரு காசும் இல்லை. வாட்ஸ்அப்பிலும் யூடியூபிலும் கதை விற்பவர்களுக்கும் இதே நிபந்தனையைப் போடுவோம்: ஆதாரத்தைக் காட்டட்டும், அப்புறம் ஃபார்வர்டு செய்யலாம்.