கம்பியைத் தின்னும் உப்பு

கற்பிட்டியிலோ உடப்பிலோ கட்டிப் பதினைந்து இருபது வருடமான ஒரு வீட்டுக்குப் போனால், யன்னலுக்கு மேலுள்ள சன்சேட்டின் அடிப்பக்கத்தை அண்ணாந்து பாருங்கள். உள்ளே கம்பி ஓடும் வழியிலேயே நேர்கோடாக ஒரு வெடிப்பு, அதையொட்டிச் செங்காவி நிறத்தில் கறை. இன்னும் பழைய வீடென்றால் கொங்கிரீட் பொருக்குப் பொருக்காகக் கழன்று விழுந்து, கம்பி கறுத்து ஊதிப்போய் வெளியே தெரியும். "மேசன் சீமெந்தில் கைவைத்துவிட்டான்" என்பார் வீட்டுக்காரர். சில வீடுகளில் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் சிலாபத்திலிருந்து கற்பிட்டி முனை வரைக்கும் ஒரே இடத்தில், ஒரே மாதிரி வெடிக்கிறதென்றால் எல்லா மேசன்மாரும் கள்ளராக இருக்க முடியாது.

குற்றவாளி உப்பு, இன்னும் சரியாகச் சொன்னால், உப்பிலுள்ள குளோரைட்டு. நல்ல கொங்கிரீட் கடுங்காரமானது. அந்தக் காரத்துக்குள் இருக்கும்வரை கம்பியின்மேல் மெல்லிய ஒட்சைட்டுப் படலம் ஒன்று படிந்திருக்கும். அது இருக்கும்வரை துரு அண்டாது. குளோரைட்டு போதிய அளவு சேர்ந்ததும் அந்தப் படலத்தை அங்கங்கே துளைத்துவிடும். பிறகு ஈரமும் ஒட்சிசனும் கிடைத்தால் போதும். இரும்பு துருவானால் அது பிடிக்கும் இடம் 2 முதல் 6 மடங்குவரை கூடும். கொங்கிரீட் அமுக்கத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. அதனால் கம்பியில் ஒரு மில்லிமீற்றரில் பத்திலொரு பங்கு துருப்பிடிக்குமுன்பே மேலே வெடிப்பு விழுந்துவிடும். வெடிப்பு விழுந்தால் உப்புக் காற்றுக்குக் கதவு திறந்தாயிற்று.

உப்பு இரண்டு வழியாக வருகிறது. ஒன்று காற்று. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குக் காற்று திவலையை அள்ளிக்கொண்டு வந்து கடல் பார்த்த சுவரில் அப்பும். இதற்குக் கம்பியை ஆழத்தில் வைப்பதுதான் மருந்து. கடற்கரை வீட்டில் கம்பிக்கு வெளியே 40 முதல் 50 மில்லிமீற்றர் கொங்கிரீட் இருக்கவேண்டும். நம் சன்சேட்டுகளை உடைத்துப் பார்த்தால் 15 மில்லிமீற்றர்கூட இராது. கம்பியின்கீழ் முட்டுக்கல் வைக்காமல், கொங்கிரீட் போடும்போது ஏறி மிதித்துவிடுவதால் கம்பி பலகையோடு படுத்துவிடும்.

மற்ற வழி, கட்டுகிற நாளிலேயே நாமே கலந்துவிடும் உப்பு. கற்பிட்டித் தீபகற்பம் மணல் திட்டு; அதன் நல்ல தண்ணீர் கீழேயுள்ள உவர்நீரின்மேல் மெல்லிய படையாகத்தான் மிதக்கிறது. வெயில் காலத்தில் மோட்டர் போட்டு இறைக்க இறைக்க உவர் மேலே ஏறும். அந்தத் தண்ணீரில் குழைத்த கொங்கிரீட்டுக்குக் கடற்காற்றே தேவையில்லை. சோதிக்க நாக்கு போதும். கம்பி போட்ட கொங்கிரீட்டுக்கு ஐரோப்பியத் தரநிர்ணயம் லீற்றருக்கு 1000 மில்லிகிராம் குளோரைட்டு வரை விடுகிறது. நாக்குக்கோ 250 மில்லிகிராமைத் தாண்டினாலே உப்புக் கரிக்கத் தொடங்கும். கரித்தால் பவுசரில் நல்ல தண்ணீர் எடுப்பியுங்கள். மொத்தச் செலவில் அது ஒரு காசே இல்லை.

மணலுக்கு வேறொரு சோதனை. ஒரு பிடி மணலைச் சுத்தமான மழைத் தண்ணீரில் கலக்கி, தெளிந்த நீரில் வெள்ளி நைத்திரேற்றுக் கரைசல் இரண்டு சொட்டு விட்டால், குளோரைட்டு இருந்தால் பாலாகத் திரளும். பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் செய்யக்கூடியதுதான். குழாய்த் தண்ணீரில் செய்யாதீர்கள். அதிலேயே கொஞ்சம் குளோரைட்டு இருக்கும். தெதுரு ஓயாவிலிருந்து ஏற்றியது என்று லொறிக்காரர் சொன்னாலும், கழிமுகத்தில் அள்ளினால் ஆற்றுமணலிலும் உப்பு இருக்கும். வீட்டுக்குப் பின்னால் கிடக்கும் கரைமணலை அள்ளுவது வீட்டுக்கும் கேடு, சட்டத்துக்கும் விரோதம்.

சீமெந்து விஷயத்தில் புத்தளம் மாவட்டம் கொடுத்துவைத்தது. அருவாக்காட்டுச் சுண்ணாம்புக்கல் ரயிலில் பாலாவி ஆலைக்கு வருகிறது. நுரைச்சோலையில் 900 மெகாவாற்று அனல்மின் நிலையம் எரிக்கும் நிலக்கரியின் பறக்கும் சாம்பல் சீமெந்துக் கம்பனிகளுக்குப் போகிறது. சாம்பல் கலந்த சீமெந்து இறுகினால் நுண்துளைகள் அடைபட்டு, குளோரைட்டு உள்ளே போவது மிகவும் மெதுவாகும். கடற்கரைக்கு அதுவே நல்லது. ஆனால் அது மெதுவாகத்தான் இறுகும். பத்துப் பதினான்கு நாள் ஈரச்சாக்குப் போட்டு நனைக்கப் பொறுமை இல்லாதவருக்கு அதனால் பயனில்லை.

இனித் திருத்த வேலை. சுத்தியலால் மெல்லத் தட்டிக்கொண்டே போனால், நல்ல இடம் கணீரென்று கேட்கும். உள்ளே விட்டுப்போன இடம் பொத்தென்று கேட்கும். பொத்தென்ற இடத்தைச் சோக்கால் வட்டமிடுங்கள். வட்டங்கள் வெடிப்பைவிட எப்போதும் பெரிதாகவே வரும். பீமென்றால் உடைக்குமுன் முட்டுக்கொடுக்க வேண்டும். துரு முடிந்து சுத்தமான கம்பி தெரியும் வரைக்கும், அதற்கு அப்பால் இன்னும் இரண்டு அங்குலமும் உடைக்கவேண்டும். கம்பியின் முதுகுப் பக்கமும் விரல் நுழையுமளவு திறக்கவேண்டும். இங்கேதான் பலர் ஏமாற்றுகிறார்கள்: முன்பக்கத் துருவைத் தேய்த்துவிட்டுப் பூசி மூடுவார்கள், முதுகுத் துரு உள்ளேயே வேலை செய்யும். கம்பித் தூரிகையால் தேய்த்து, நல்ல தண்ணீரால் கழுவி, உலர்ந்ததும் துத்தநாகப் பிறைமர் பூசவேண்டும். கம்பியின் கனத்தில் காற்பங்கு போயிருந்தால் புதுக்கம்பி சேர்த்துக் கட்டவேண்டும். 10 மில்லிமீற்றர் கம்பிக்கு இருபக்கமும் அரை மீற்றர் நல்ல கம்பியோடு படியவேண்டும். பழைய கொங்கிரீட்டை நனைத்து, மேலே நீர் நிற்காத பதத்தில் திருத்தக் கலவையை அழுத்தி அப்பவேண்டும்.

இவ்வளவும் ஒழுங்காகச் செய்தாலும் இரண்டொரு வருடத்தில் ஒட்டுக்குப் பக்கத்திலேயே புது வெடிப்பு வரலாம். ஒரே கம்பியில் ஒரு பகுதி உப்பில்லாத புதுக் கலவையிலும் மறு பகுதி உப்பூறிய பழைய கொங்கிரீட்டிலும் இருந்தால், அவற்றுக்கிடையே மின்கலம் போல ஓட்டம் உண்டாகி பழைய பக்கம் வேகமாகத் துருப்பிடிக்கும். ஒட்டின் ஓரத்தில் கம்பியோடு கட்டிவிடும் சிறு துத்தநாகத் துண்டுகள் உண்டு. கம்பிக்குப் பதிலாக அவை கரையும். கட்டும்போதே உப்புக் கலந்துவிட்ட சன்சேட்டென்றால் என் அபிப்பிராயம் வேறு: ஒட்டுப்போட்டுக் காசைக் கரைக்காமல் முழுதாக இடித்துவிட்டு, அந்த இடத்தில் ஓட்டு இறக்கம் ஒன்று வையுங்கள். கம்பியே இல்லாவிட்டால் துருவும் இல்லை. ஒல்லாந்தர் 1667க்கும் 1676க்கும் இடையில் கட்டிய கற்பிட்டிக் கோட்டையின் பவளக்கல் மதில் இத்தனை காலம் நிற்பதற்கு, உள்ளே இரும்பு இல்லாததும் ஒரு காரணம்.

அத்திவாரத்திலிருந்து ஏறும் ஈரத்தால் சுவரில் வெள்ளையாகப் பூக்கும் உவருக்கு நீர்புகாப் பெயின்ற் அடிப்பது வீண்செலவு. உப்பு பெயின்றுக்குப் பின்னால் படிகமாகி அதையும் தள்ளிவிடும். உவர்க்கோட்டுக்கு ஓரடி மேல்வரை பூச்சைக் கொத்தி, உப்பை உலர்ந்தபடியே தூரிகையால் தட்டி எடுத்து, சுவரைக் காயவிட்டுச் சுண்ணாம்புச் சாந்து பூசுங்கள். ஈரம் ஏறும் வழியை அடைக்காவிட்டால் அதுவும் சில வருடத்துக்குத்தான்.

கொந்தராத்துப் பேசும்போது சதுர அடிக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே முடிக்காதீர்கள். உடைத்துப் பார்க்காமல் துரு எவ்வளவு தூரம் போயிருக்கிறதென்று யாராலும் சொல்ல முடியாது. மொத்தமாகப் பேசினவர் உடைப்பதைத்தான் குறைப்பார். உடைக்க ஒரு கூலி, அளந்து பார்த்தபின் திருத்த ஒரு விலை என்று பிரித்து எழுதுங்கள். பூசி மூடுமுன் கம்பியை நீங்களே பார்த்து, போனில் படமெடுத்து வைத்துக்கொண்டு, அதன்பிறகே அடுத்த பணத்தைக் கொடுங்கள். தூண்களில் நீளவாக்கில் வெடிப்பிருந்தால் மேசனை நிறுத்திவிட்டு ஒரு பொறியியலாளரைக் காட்டுங்கள்.

வேலைக்கு ஏற்ற காலம் ஜனவரி, பெப்ரவரி. ஒக்டோபர் முதல் பெய்த மழையில் கிணற்று உவர் இறங்கியிருக்கும், தென்மேற்குக் காற்றும் இராது. கடலிலிருந்து 300 மீற்றருக்குள் புதிதாக ஏதும் கட்டிச் சேர்ப்பதென்றால் கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதியை அதற்கு முன்பே எடுத்து வையுங்கள்.