குட்டி ஜப்பானின் இரும்பு மனிதன்

குட்டி ஜப்பான் குறிப்புகள் – 17

போன வாரம் தீப்பெட்டி லேபிளில் நிறுத்தியிருந்தேன். 1922-ல் கல்கத்தா போய்த் தொழில் கற்றுத் திரும்பிய அய்ய நாடாரும் சண்முக நாடாரும் சிவகாசிக்குத் தீப்பெட்டியைக் கொண்டுவந்தார்கள். தீப்பெட்டி லேபிள் கேட்டது. லேபிள் அச்சகம் கேட்டது. வந்த அச்சகம் சும்மா இருக்குமா? காலண்டர், பட்டாசுப் பெட்டி, நோட்டு அட்டை என்று அடித்துத் தள்ளிக்கொண்டே போய், 1972-ல் காமிக்ஸில் கைவைத்தது. சௌந்தரபாண்டியன் தொடங்கிய முத்து காமிக்ஸின் முதல் புத்தகம் 'இரும்புக்கை மாயாவி'. 1984-ல் அவர் மகன் விஜயன் லயன் காமிக்ஸைத் தொடங்கினார்.

நேரு வைத்த பெயர் என்று சொல்லி 'குட்டி ஜப்பான்' பட்டத்தில் பெருமைப்படுகிற ஊர் இது. ஆனால் படக்கதைக்கு அன்று ஜப்பான் பக்கம் திரும்பவே இல்லை. அந்தப் புத்தகங்களின் நாயகர்கள் மாயாவி, ஸ்பைடர், ஆர்ச்சி மூவரும் லண்டன் சரக்கு. அங்கே வாராவாரம் பையன்களுக்காக வந்த பத்திரிகைகளில் பிறந்தவர்கள். இந்த வாரம் ஆர்ச்சியைப் பற்றி. காரணம், என் அக்கா மகன்.

லீவுக்கு விருதுநகர் வந்திருந்தவன் போனும் கையுமாக விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தான். 'ஸ்பேஸ் டேண்டி' என்ற ஜப்பானிய அனிமே. 2014-ல் வந்தது, மொத்தம் 26 அத்தியாயம். பொது இயக்குநர் ஷினிச்சிரோ வதனபே, 'கவ்பாய் பீபாப்' எடுத்தவர். டேண்டிக்குத் தொழில், யாரும் பார்த்திராத வேற்றுக்கிரகவாசிகளைப் பிடித்துவந்து பதிவு செய்து காசு பார்ப்பது. கூட வருவது பழைய மாடல் வீடு கூட்டும் ரோபோ ஒன்று, பூனை மாதிரி ஒருவன். மூவருக்கும் சேர்த்து அரை மூளை. முதல் அத்தியாயத்திலேயே வெடித்துச் சாகிறார்கள். நாலாவதில் பிரபஞ்சமே ஜாம்பியாகிப்போகிறது. அடுத்த வாரம் ஒன்றுமே நடக்காத மாதிரி கிளம்பிவிடுகிறார்கள்.

"இவனை எனக்கு முப்பது வருஷமாத் தெரியும்டா" என்று சொல்லிப் பரணிலிருந்து ஆர்ச்சியை இறக்கினேன்.

1952-ல் லண்டன் 'லயன்' வார இதழின் முதல் இதழில், காட்டுக்குள் உலவும் இயந்திரமாக வந்தவன் ஆர்ச்சி. அப்போது வாய் கிடையாது. டெட், கென் என்ற இரண்டு நண்பர்கள் கட்டுப்பாட்டுப் பெட்டியைத் தட்டினால் நடப்பான், தட்டாவிட்டால் தகரம். அறுபதுகளின் நடுவில் அவனுக்குப் பேச்சும் சொந்த புத்தியும் கொடுத்தார்கள். கொடுத்ததும் முதல் வேலையாகத் தற்பெருமை பேச ஆரம்பித்தான். கதை பிழைத்தது அங்கேதான் என்பேன். சதுரங்க யானை மாதிரி ஒரு கோட்டை. அதுதான் கால யந்திரம். அதில் ஏறி எந்த நூற்றாண்டில் இறங்கினாலும், ஆபத்து என்னவென்று பார்க்கும் முன்பே தன்னைப் புகழ்ந்துகொள்வான். அப்புறம் அடி வாங்குவான். கை கழன்றாலும் பேச்சு கழலாது. ஆங்கிலத்துக்கு அளந்து வரைந்த பலூனுக்குள் தமிழை அடக்க வேண்டிய நெருக்கடியில், அந்தப் பீற்றல் இன்னும் சுருக்காக வந்து விழுந்தது. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து ஊரையே விலை பேசும் ஆள் ஒவ்வொரு ஊரிலும் உண்டு. எங்களுக்கு ஆர்ச்சி அந்த ஆள்தான். இங்கிலாந்துக்காரன் என்று ஒருநாளும் தோன்றியதில்லை.

மருமகன் இருபது பக்கம் புரட்டிவிட்டுக் கேட்டான்: "மாமா, ரெண்டு பக்கத்துக்கு ஒரு தடவை ஏன் எதுலயாவது மாட்டிக்கிறான்?"

சரியான இடத்தில் கைவைத்துவிட்டான். லண்டனில் அது வாரம் இரண்டு பக்கமாக வந்த கதை. ஒவ்வொரு இரண்டாம் பக்கத்தின் கடைசிக் கட்டத்திலும் ஒரு பாறை உருண்டாக வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த வாரம் பையன் காசு கொடுக்க மாட்டான். நமக்கோ எல்லாவற்றையும் சேர்த்து ஒரே புத்தகமாகத் தந்தார்கள். ஆயிரம் வாலா சரத்தில் முதல் பத்து வெடிக்கு நெஞ்சு அதிரும். அப்புறம் வெறும் சத்தம். சரம் பின்னுகிற கைக்கு ஒரு வெடியும் இன்னொரு வெடியும் ஒன்றுதானே. இதை நான் சொல்லிக்கொண்டிருப்பதும் ஒரு வாரத் தொடரில்தான். ஆசிரியர் கண்டுகொள்ள மாட்டார் என்று நம்புகிறேன்.

இன்னொரு குறை, சிறுவயதில் கண்ணில் படாதது. ஆர்ச்சி போகும் காடுகளில் வெள்ளைக்காரன் அல்லாதவன் என்றால் ஒன்று ஈட்டி தூக்கியவன், இல்லை காலில் விழுபவன். அந்தப் பக்கங்களில் எனக்கு இப்போது சிரிப்பு வரவில்லை. பெண்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். டேண்டியும் அந்த விஷயத்தில் யோக்கியனில்லை. அவன் போகும் ஓட்டலின் பெயரை இந்தப் பத்திரிகையில் அச்சடிக்க முடியாது. அரை டஜன் அத்தியாயம் தாண்டியதும் அந்த ஜோக்கில் சாரம் இல்லை.

ஆனால் ஆர்ச்சியிடம் இல்லாத ஒன்று டேண்டியிடம் இருக்கிறது. வாரம் ஒரு இயக்குநர், வாரம் ஒரு கை. ஒரு வாரத்துக் கோடும் வண்ணமும் மறுவாரம் இருக்காது. ஐந்தாம் அத்தியாயத்தில் அடேலி என்ற வேற்றுக்கிரகச் சிறுமியோடு டேண்டி ரயிலில் போகிறான். பார்த்து முடித்தபோது எனக்குப் பேச்சு வரவில்லை. அடுத்த அத்தியாயம்: ஜட்டி போடும் இனத்துக்கும் கையில்லாக் கோட்டு போடும் இனத்துக்கும் மூண்ட போர்! சிறுமியைப் பற்றி மூச்சே இல்லை. டேண்டியை ஒருவன் தொடர் முழுக்கத் துரத்துகிறான். ஏன் என்று தெரிய கடைசிவரை காத்திருக்க வேண்டும். நேற்று நடந்தது நினைவில் இல்லாத ஆளை வைத்து வாராவாரம் சிரிக்க வைக்கலாம். அவனுக்காக ஒருமுறை அழுதுவிட்டோமென்றால், அந்த மறதியே நம்மைக் கோபப்படுத்துகிறது. ஆர்ச்சியால் அந்தத் தொல்லை இல்லை. அவன் யாரையும் அழவைத்ததே இல்லை.

இதையெல்லாம் மருமகனிடம் விளக்கிக்கொண்டிருந்தேன். அவன் ஆர்ச்சியின் கடைசிப் பக்கத்தைப் பார்த்துவிட்டான்.

"தப்பிச்சிட்டான் மாமா."

புத்தகத்தை மூடி என் மடியில் வைத்துவிட்டு மறுபடி போனை எடுத்தான்.

(தொடரும்)