அடுப்படியில் ஒரு பாறைப் பாடம்



பாறைகள் மூன்று வகை என்று பிள்ளைகள் ஒப்பிக்கிறார்கள். ஏன் மூன்று என்று கேட்டால் விழிக்கிறார்கள். அதற்கு விளக்கம் நம் அடுப்படியிலேயே இருக்கிறது. பள்ளிக்கூடம் போகாத தாயும் இதைக் கற்றுக் கொடுக்கலாம்.

முதலாவது தீப்பாறை. நீர் வற்றக் காய்ச்சிய சீனிப்பாகை ஒரு தட்டில் ஊற்றுங்கள். பாகு கையைச் சுட்டுவிடும். ஆகவே பெரியவர்களே ஊற்ற வேண்டும். அது விரைவில் ஆறிக் கண்ணாடி போல் ஆகிவிடும். சற்று இளகிய பாகில் நூலைத் தொங்கவிட்டுப் பல நாள் அசைக்காமல் வைத்தால், கட்டி கட்டியாகக் கற்கண்டு விளையும். பூமிக்குள் உருகிக் கிடக்கும் பாறைக் குழம்பும் அப்படித்தான். வெளியே வந்து சீக்கிரம் ஆறினால் மணி தெரியாத எரிமலைப் பாறை. குவாந்தான் வட்டாரத்தில் அதைக் காணலாம். ஆழத்தில் மெல்ல மெல்ல ஆறினால் மணி மணியான கருங்கல். நம் தித்திவங்சா மலைத்தொடரின் கருங்கல் ஏறத்தாழ 20 கோடி ஆண்டுகளுக்கு முன் அப்படி உறைந்தது.

இரண்டாவது படிவுப்பாறை. புட்டுக்குழலில் மாவும் தேங்காய்ப்பூவும் மாற்றி மாற்றிப் போடுகிறோம். முதலில் போட்டது அடியில் இருக்கும். ஆறும் கடலும் மணல், சேறு, சிப்பி ஓடுகளை இப்படித்தான் அடுக்குகின்றன. புட்டை ஆவி இறுக்குகிறது. பாறையை மேலுள்ள பாரமும் இடையில் ஊறும் தாது நீரும் இறுக்குகின்றன. பத்துமலையின் சுண்ணாம்புக்கல் சுமார் 40 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்ததாகும்.

மூன்றாவது உருமாறிய பாறை. பிசைந்த மாவைக் கட்டையால் அழுத்தித் தேய்த்துச் சூடான கல்லில் போட்டால் சப்பாத்தி. மாவு உருகவில்லை, ஆனால் பழைய மாவாகவும் இல்லை. கிந்தா பள்ளத்தாக்கில், கொதிக்கும் கருங்கற் குழம்பு மேலெழுந்தபோது அருகிலிருந்த சுண்ணாம்புக்கல் அந்தச் சூட்டில் சலவைக்கல்லாக மாறியது. ஈப்போவில் வெட்டியெடுக்கும் சலவைக்கல் அதுதான்.

அடுத்த முறை புட்டு அவிக்கும்போது, "எந்த அடுக்கு மூத்தது?" என்று பிள்ளையைக் கேளுங்கள். ஆற்றோரத்தில் ஒரு கல்லை எடுத்துவரச் சொல்லி, அதில் மணி தெரிகிறதா, அடுக்குத் தெரிகிறதா என்று இருவரும் சேர்ந்து பாருங்கள். பதில் உடனே வராவிட்டாலும் பரவாயில்லை. பார்த்துக் கேட்கும் பழக்கம் வந்துவிட்டால், பிள்ளை பாடத்தை ஒப்பிக்காமல் தன் சொல்லில் சொல்லத் தொடங்கும்.