எழுத்தா, எழுத்தின் படமா? : அரசின் மின்வழிச் சேவைகளில் தமிழ் உரையும் பார்வை மாற்றுத்திறனாளிகளின் அணுகலும்

ஆய்வுச்சுருக்கம்

அரசின் சேவைகள் இணையவழிக்கு மாறிவருகின்றன. அவற்றைப் பார்வை மாற்றுத்திறனாளிகள் பிறர் துணையின்றிப் பயன்படுத்த வேண்டுமெனில், திரையில் தோன்றும் தமிழ், கணினி படிக்கத்தக்க உரையாக அமைந்திருக்க வேண்டும். இவ்வுரிமையின் சட்டப் பின்புலத்தையும், தமிழ் உரையில் அது தடைப்படும் இடங்களையும், அத்தடைகளை நீக்கும் வழிகளையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: அணுகல்தன்மை, திரைவாசிப்பான், ஒருங்குறி, மின்னாளுமை, மாற்றுத்திறனாளர் உரிமைகள்

முன்னுரை

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் ஏறத்தாழ 2.68 கோடி மாற்றுத்திறனாளிகள் உள்ளனர். அவர்களுள் ஏறத்தாழ 11.8 லட்சம் பேர் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்கள். அரசு அலுவலக வாயிலில் சாய்தளம் தேவை என்பதை இன்று எவரும் மறுப்பதில்லை. ஆனால் இணையதளத்தின் வாயிலில் உள்ள படிக்கட்டு பார்வையுள்ளோர் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. மாற்றுத்திறன்கள் பலவகைப்பட்டவை, அணுகல் தேவைகளும் அவ்வாறே. இக்கட்டுரை பார்வை மாற்றுத்திறனாளிகளையும் தமிழ் உரையையும் மட்டும் எல்லையாகக் கொள்கிறது.

சட்டப் பின்புலம்

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016இன் பிரிவு 42, ஒலி, அச்சு, மின்னணு ஊடகங்களில் உள்ள உள்ளடக்கங்கள் அணுகத்தக்க வடிவில் கிடைப்பதை உறுதிசெய்யும் பொறுப்பை அரசின்மீது சுமத்துகிறது. 2017ஆம் ஆண்டு விதிகளின் விதி 15(1), அரசு இணையதளங்களுக்கான வழிகாட்டு நெறிமுறைகளைத் தரமாகச் சுட்டியது. இணையதளத்தில் இடப்படும் ஆவணங்கள் இபப் வடிவிலோ, ஒளியெழுத்துணரி வழி உரையாக்கப்பட்ட பிடிஎஃப் வடிவிலோ இருக்க வேண்டும் என்றும் அது கூறியது.

ராஜீவ் ரதூரி வழக்கில் 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு இங்குக் குறிப்பிடத்தக்கது. சட்டம் கட்டாய விதிகளை எதிர்பார்க்க, விதி 15(1) பரிந்துரை அளவிலேயே நின்றுவிடுகிறது. எனவே அது சட்டத்திற்கு முரணானது என நீதிமன்றம் கூறியது. கட்டாயமாகப் பின்பற்றத்தக்க விதிகளை மூன்று மாதங்களுக்குள் வகுக்குமாறு ஒன்றிய அரசுக்கு உத்தரவிட்டது.

அடுத்து, பிரக்யா பிரசூன் வழக்கு. அமிலவீச்சால் கண்கள் பாதிக்கப்பட்டோர், கண்சிமிட்டிக் காட்ட வேண்டும் என்ற நிபந்தனையால் மின்வழி அடையாளச் சரிபார்ப்பை நிறைவுசெய்ய இயலாதிருந்தனர். 2025 ஏப்ரல் 30 அன்று வழங்கிய தீர்ப்பில், மின்வழி அணுகலுக்கான உரிமை அரசமைப்பின் 21ஆம் உறுப்பு உறுதிசெய்யும் வாழ்வுரிமையின் உள்ளார்ந்த கூறு என உச்ச நீதிமன்றம் உரைத்தது. ஆகவே, அணுகல்தன்மை அரசு விரும்பினால் அளிக்கும் சலுகை அன்று. குடிமகன் கேட்டுப்பெறத்தக்க உரிமை.

எழுத்துருவும் குறியாக்கமும்

திரைவாசிப்பான் என்னும் மென்பொருள் எழுத்தின் வடிவத்தைப் பார்ப்பதில்லை. எழுத்துக்குரிய குறியெண்ணைப் படித்து ஒலியாக்குகிறது. என்விடிஏ என்னும் கட்டணமற்ற திரைவாசிப்பான், தன்னுடன் வரும் இஸ்பீக் பேச்சுப்பொறியின் வாயிலாகத் தமிழையும் படிக்கவல்லது. எனவே கருவி இல்லை என்பது இன்று தடையன்று. அக்கருவிக்கு நாம் எதைத் தருகிறோம் என்பதே வினா.

சான்றாக, ஒருங்குறியில் ‘தமிழ்’ என்னும் சொல் தகரம், மகரம், இகரக் குறி, ழகரம், புள்ளி என ஐந்து குறியெண்களாகச் சேமிக்கப்படுகிறது. பாமினி எழுத்துருவிலும் அதே சொல் ஐந்து குறிகளாகவே அமைகிறது. ஆனால் அவை ஜே, கே, பி, ஓ ஆகிய ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் ஆகும். திரையில் இரண்டும் ‘தமிழ்’ என்றே தோன்றும். செவியில் விழுவதோ, ஒன்று தமிழ்ச் சொல். மற்றொன்று பொருளற்ற ஆங்கில எழுத்துக் கூட்டம்.

தமிழ்நாடு அரசு 1999இல் டாம், டாப் ஆகிய குறியாக்கங்களைத் தரப்படுத்தியது. 2010இல் ஒருங்குறியை ஏற்று, டேஸ்16 குறியாக்கத்தை மாற்றுத் தரமாக அறிவித்தது. டேஸ்16 ஒருங்குறியின் தனிப்பயன் பகுதியில் அமைந்தது. அப்பகுதியின் குறியெண்களுக்குப் பொதுவில் ஒப்புக்கொள்ளப்பட்ட பொருள் இல்லாமையால், பொதுவான திரைவாசிப்பான்கள் அவற்றைத் தமிழாக அறிவதில்லை. அச்சுக்கு உகந்தது அனைத்தும் அணுகலுக்கும் உகந்ததாகிவிடாது என்பது இதனால் விளங்கும்.

ஸ்கேன் செய்த ஆவணங்கள்

கையொப்பமும் முத்திரையும் இட்ட தாளை ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்றுவது அலுவலக வழக்கம். இவ்வாறு உருவாகும் பிடிஎஃப் கோப்பில் இருப்பது எழுத்தன்று, எழுத்தின் படம். திரைவாசிப்பானுக்கு அது வெற்றுப் பக்கமே. ஒளியெழுத்துணரியைப் பயன்படுத்தினாலும், ரகரமும் துணைக்காலும் தம்முள் மயங்குவது போன்ற பிழைகள் நேர்கின்றன. கட்டுரையொன்றில் அத்தகைய பிழையைச் சூழலால் உய்த்துணரலாம். பயனாளியின் பெயரிலோ புல எண்ணிலோ உய்த்துணர இயலாது. கணினியில் தட்டச்சு செய்த மூலக்கோப்பு அலுவலகத்தில் இருக்க, அதன் நிழலை வெளியிடுவது தேவையற்ற இழப்பாகும்.

மொழிக் குறிப்பும் படிவங்களும்

உரை ஒருங்குறியில் இருப்பினும் பணி முடிந்துவிடுவதில்லை. வலையுள்ளடக்க அணுகல்தன்மை வழிகாட்டுதல்களின் 2.1ஆம் பதிப்பு, பக்கத்தின் மொழியையும் இடையில் வரும் பிறமொழிப் பகுதிகளையும் நிரல்வழி குறிப்பிட வேண்டும் என்கிறது. தமிழ்ப் பக்கத்தின் மொழி ஆங்கிலம் எனக் குறிக்கப்பட்டிருந்தால், ஆங்கிலக் குரல் தமிழைப் பிழைபட ஒலிக்கலாம். ஒலிக்காமல் கடந்தும் செல்லலாம்.

படிவத்தில் ‘தந்தை பெயர்’ என்னும் சொற்கள் கட்டத்தின் அருகில் அச்சாகியிருந்தால் மட்டும் போதாது; அக்கட்டத்துடன் நிரல்வழி இணைக்கப்பட்டிருக்க வேண்டும். இல்லையெனில் ‘நிரப்புக’ என்பது மட்டுமே கேட்கும். எதை நிரப்புவது என்பது தெரியாது. ஒலிவடிவ மாற்று இல்லாத கேப்சா, படிவத்தின் இறுதியில் வாயிலையே அடைத்துவிடுகிறது.

இத்தடைகளின் விளைவு காலத்தாழ்வு மட்டுமன்று. பிறரைக் கொண்டு விண்ணப்பிப்பவர், தம் ஆதார் எண்ணையும் வங்கிக் கணக்கையும் ஒருமுறைக் கடவுச்சொல்லையும் அவரிடம் ஒப்படைக்க நேர்கிறது. அணுகல் இழப்பு இங்கு அந்தரங்க இழப்பாகவும் மாறுகிறது.

செய்யத்தக்கன

முதலாவதாக, ஆவணத்தின் மூலக்கோப்பிலிருந்தே ஒருங்குறி பிடிஎஃப் உருவாக்கி மின்கையொப்பம் இடுவதை வழக்கமாக்கலாம். இரண்டாவதாக, பழைய எழுத்துருக் கோப்புகளைக் குறிமாற்றி கொண்டு மாற்றி, மெய்ப்புப் பார்த்து வெளியிடலாம். மூன்றாவதாக, சேவையைத் தொடங்குமுன் தானியங்கிச் சோதனையோடு நின்றுவிடாமல், திரைவாசிப்பான் பயன்படுத்துவோரைக் கொண்டு தமிழ்ப் பக்கத்தைச் சோதிக்க வேண்டும். தானியங்கிக் கருவி, படத்திற்கு மாற்றுரை உண்டா என்று காணும். அம்மாற்றுரை பொருளுடைய தமிழா என்று காணாது.

முடிவுரை

சட்டம் உரிமையை உறுதிசெய்துள்ளது, கருவிகளும் உள்ளன. இடையில் தடையாக நிற்பது பெரும்பாலும் ஆவணம் உருவாக்கும் அன்றாடப் பழக்கமே. ஆகவே அணுகல்தன்மையை இணையதள வடிவமைப்பின் இறுதிக்கட்டப் பணியாகக் கருதாமல், எழுத்தர் முதல் வரியைத் தட்டச்சு செய்யும் இடத்திலிருந்தே தொடங்க வேண்டும். இக்கடமை அரசுக்கு மட்டும் உரியதன்று. பழைய எழுத்துருவில் அமைந்த பாடக்குறிப்புகளையும் ஸ்கேன் செய்த நூற்பக்கங்களையும் மாணவர்க்கு வழங்கும் தமிழ்த்துறைகளும் இதே வினாவிற்கு விடைகூற வேண்டியவையே.