காரை நிலையத்தில் நிறுத்திவிட்டு ரயிலில் செல்வது லாபமா? நெரிசலைத் தவிர்க்கும் 'பார்க் அண்ட் ரைட்' முறை ஒரு பார்வை

புதுடெல்லி: பெருநகரங்களுக்கு வெளியே வசித்து, வேலைக்காக நாள்தோறும் நகருக்குள் வந்து செல்வோருக்குப் பெரும் தலைவலியாக இருப்பது நெடுஞ்சாலைப் பயணம் அல்ல; நகரின் எல்லையைத் தொட்ட பிறகு வரும் கடைசி சில கிலோமீட்டர்கள்தான். விரைவுச்சாலையில் மிச்சமான நேரம் முழுவதும் அங்குள்ள சிக்னல்களிலும் மேம்பால வரிசைகளிலும் கரைந்துவிடுகிறது. இதற்குத் தீர்வாக முன்வைக்கப்படுவதே, காரை நகருக்கு வெளியே உள்ள ரயில் நிலையத்தில் நிறுத்திவிட்டு, எஞ்சிய தூரத்தை ரயிலில் கடக்கும் 'பார்க் அண்ட் ரைட்' முறை.

இந்த முறை யாருக்குப் பயன்படும், எங்கே பயன்படாது என்பதற்கு டெல்லி - மீரட் வழித்தடம் சிறந்த எடுத்துக்காட்டாக உள்ளது.

நமோ பாரத் ரயில்

டெல்லி, காசியாபாத், மீரட் நகரங்களை இணைக்கும் 82 கிலோமீட்டர் நீள மண்டல விரைவு ரயில் திட்டத்தை, தேசிய தலைநகர் மண்டல போக்குவரத்துக் கழகம் செயல்படுத்தியது. இதன் முதல் 17 கிலோமீட்டர் பகுதி 2023 அக்டோபரில் திறக்கப்பட்டது. 2025 ஜனவரியில் டெல்லியின் நியூ அசோக் நகர் வரை நீட்டிக்கப்பட்டதால், அங்கிருந்து மீரட் தெற்கு நிலையம் வரை 55 கிலோமீட்டர் தூரத்துக்கு ரயில்கள் ஓடத் தொடங்கின.

மணிக்கு 160 கிலோமீட்டர் வரை வேகமெடுக்கும் இந்த ரயில்கள், அந்தத் தூரத்தை சுமார் 40 நிமிடங்களில் கடக்கின்றன. நியூ அசோக் நகர், ஆனந்த் விஹார், காசியாபாத் நிலையங்களில் டெல்லி மெட்ரோவுக்கு மாறிக்கொள்ளலாம். நிலையங்களில் வாகன நிறுத்துமிடங்களும் அமைக்கப்பட்டுள்ளன.

செலவு எவ்வளவு?

2025 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட கட்டணத்தின்படி, மீரட் தெற்கு - நியூ அசோக் நகர் இடையே சாதாரண வகுப்பில் ஒருவர் செல்ல 150 ரூபாய். போய்வர 300 ரூபாய்.

இதே தூரத்தைக் காரில் சென்று திரும்பினால் 110 கிலோமீட்டர். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் காருக்கு 7 லிட்டருக்கும் சற்று அதிகமான பெட்ரோல் தேவை. லிட்டர் விலையை 95 ரூபாய் என வைத்துக்கொண்டால் எரிபொருளுக்கு மட்டும் சுமார் 700 ரூபாய் ஆகும். சுங்கக் கட்டணமும் டெல்லியில் வாகனம் நிறுத்தும் கட்டணமும் தனி.

ஆகவே, தனியாகக் காரில் செல்பவருக்கு, நிலைய நிறுத்துமிடக் கட்டணத்தையும் மெட்ரோ கட்டணத்தையும் சேர்த்தாலும் ரயிலே சிக்கனமானது. ஆனால் ஒரே காரில் 3 பேர் சேர்ந்து சென்றால் கணக்கு மாறுகிறது. மூவருக்கும் ரயில் கட்டணம் 900 ரூபாய். பெட்ரோல் செலவோ அதே 700 ரூபாய்தான். அவர்களுக்கு ரயிலால் கிடைப்பது பணம் அல்ல. குறித்த நேரத்தில் சென்று சேரும் உறுதி.

குளிர்காலத்தில் மற்றொரு காரணம்

டெல்லியில் காற்று மாசு கடுமையாகும் நாட்களில், படிப்படியான செயல் திட்டத்தின் 3-ஆம் கட்டக் கட்டுப்பாடுகள் அமலுக்கு வருகின்றன. அப்போது பி.எஸ். 3 பெட்ரோல் கார்களும் பி.எஸ். 4 டீசல் கார்களும் டெல்லியிலும், காசியாபாத், கவுதம புத்த நகர் உள்ளிட்ட அண்டை மாவட்டங்களிலும் இயங்கத் தடை விதிக்கப்படுகிறது. அத்தகைய கார் வைத்திருப்பவர், அதை மீரட்டிலேயே நிறுத்திவிட்டு ரயிலேறினால் வேலைக்குச் செல்வது தடைபடாது.

எங்கே நிறுத்துமிடம் தேவை?

எல்லா நிலையங்களிலும் பெரிய கார் நிறுத்துமிடம் அமைத்தால் நெரிசல் தீர்ந்துவிடும் எனத் தோன்றலாம். நடைமுறை அதற்கு மாறானது. நகர மையத்தில் உள்ள நிலையத்தில் தாராளமாக இடம் கொடுத்தால், கார்கள் அந்த நிலையம் வரை நகருக்குள்ளேயே வரும், நெரிசல் குறையாது. நகரின் வெளி விளிம்பில், கார்கள் நெரிசலில் சிக்கும் முன்பே அமைந்துள்ள நிலையங்களில்தான் இந்த முறை பலன் தருகிறது.

நிலமும் ஒரு தடை. திறந்தவெளியில் ஒரு காரை நிறுத்த, அது திரும்பிச் செல்லும் வழியையும் சேர்த்து, 23 சதுர மீட்டர் தேவை என்பது இந்திய நகரத் திட்டமிடலில் பின்பற்றப்படும் அளவு. அதன்படி 100 கார்களுக்கு 2,300 சதுர மீட்டர், அதாவது அரை ஏக்கருக்கும் அதிகமான நிலம் வேண்டும். அந்த 100 கார்களில் வருவோர் பெரும்பாலும் தனியாக வருபவர்களே. ஒரு நமோ பாரத் ரயிலோ ஆயிரத்துக்கும் மேற்பட்டோரை ஏற்றிச் செல்லக்கூடியது. கார் நிறுத்துமிடத்தை மட்டும் நம்பி ரயிலை நிரப்ப முடியாது என்பதையே இந்தக் கணக்கு காட்டுகிறது.

கொள்கை என்ன சொல்கிறது?

நகரில் வாகனம் நிறுத்தும் கட்டணம், அந்த இடத்தின் நில மதிப்பைப் பிரதிபலிக்க வேண்டும் என 2006-ஆம் ஆண்டின் தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை வலியுறுத்துகிறது. மெட்ரோ நிலையத்தைச் சுற்றி குறைந்தது 5 கிலோமீட்டர் வரையிலான மக்களை இணைக்கும் வகையில் இணைப்புப் பேருந்து உள்ளிட்ட வசதிகளைச் செய்ய வேண்டும் என்கிறது 2017-ஆம் ஆண்டின் மெட்ரோ ரயில் கொள்கை.

இரண்டும் ஒன்றையொன்று சார்ந்தவை. அலுவலக வாசலில் மலிவாக நிறுத்த இடம் கிடைக்கும் வரை, காரை 50 கிலோமீட்டருக்கு அப்பால் விட்டுவர யாரும் முன்வரமாட்டார்கள். நிலையத்துக்கு அருகே வசிப்போருக்கு மினி பேருந்தோ பாதுகாப்பான நடைபாதையோ கிடைத்தால், அவர்கள் விடும் இடம் தொலைவிலுள்ள கிராமங்களிலிருந்து வருவோருக்கு உதவும்.

பயணிகள் கவனிக்க வேண்டியவை

ரயில் ஓடும் நேரத்தை மட்டும் பார்த்து முடிவெடுப்பது பலரும் செய்யும் தவறு. வீட்டிலிருந்து நிலையம், வாகனத்தை நிறுத்துவது, நடைமேடைக்குச் செல்வது, ரயில், மெட்ரோ மாற்றம், இறுதியில் அலுவலகம் வரையிலான நடை என அனைத்தையும் கூட்டிப் பார்க்க வேண்டும். காலையில் நிறுத்துமிடம் எத்தனை மணிக்கு நிரம்புகிறது, இரவில் கடைசி ரயில் எப்போது என்பதையும் முன்கூட்டியே அறிந்துகொள்வது அவசியம். பணி முடியும் நேரம் நிச்சயமற்றவர்களுக்கும், நாளில் பல இடங்களுக்குச் செல்ல வேண்டியவர்களுக்கும் இந்த முறை பொருந்தாது.

ஒரு வாரம் காரிலும், மறுவாரம் ரயிலிலும் சென்று, வீட்டு வாசல் முதல் அலுவலக வாசல் வரை ஆன நேரத்தைக் குறித்துவைத்தால், எது லாபம் என்பது தெளிவாகிவிடும். அப்போது சராசரி நேரத்தைவிட, மிக மோசமான நாளில் எவ்வளவு தாமதமானது என்பதையே முக்கியமாகப் பார்க்க வேண்டும்.